சோட்டாநாக்பூர் உண்டு, பேச்சிப்பாறை இல்லை: பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல் மதிப்புரை

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றின் ஏழாவது அலகைத் திறந்தால் பழங்குடி மக்கள் நேராக முன்னால் வருகிறார்கள். கோல் கிளர்ச்சி (1831-32), சாந்தலர் கிளர்ச்சி (1855-56), அதன்பின் இன்றைய ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர்ப் பகுதியில் முண்டா கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பிர்சா முண்டா. பழங்குடிகளை இந்தப் புத்தகம் எப்படிக் காட்டுகிறது, குமரி மாவட்டத்து வகுப்பறையில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே பாதியில் விட்டுவிடுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். மற்ற அலகுகளின் நிறைகுறைகளுக்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். பழங்குடிகள் திடீரென்று வெகுண்டெழுந்தார்கள், அடக்கப்பட்டார்கள் என்று இரண்டு வரியில் முடிக்கும் பழைய பழக்கம் இந்த அலகில் இல்லை. நிலம் எப்படிக் கை மாறியது, வட்டிக்காரரும் ஜமீன்தாரும் எப்படி உள்ளே நுழைந்தார்கள், வெளியாட்களை அந்த மக்கள் 'திக்கு' என்று ஏன் அழைத்தார்கள், 'குந்த்கட்டி' என்ற கூட்டு நில உரிமை எப்படி உடைந்தது என்று காரணங்கள் வருகின்றன. முடிவாக 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வருகிறது. காரணம், செயல், விளைவு மூன்றும் இருப்பதால், பழங்குடி மனிதர் யோசித்து முடிவெடுத்தவராக மாணவருக்குத் தெரிகிறார். இன்னும் முக்கியமானது, 'ஹூல்' (சாந்தலர் கிளர்ச்சி), 'உல்குலன்' (முண்டாக்களின் பெருங்கிளர்ச்சி) என்ற அவர்களுடைய சொற்களையே புத்தகம் தருவது. தங்கள் போராட்டத்துக்கு அவர்கள் தாங்களே பெயர் வைத்தார்கள் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து கற்றுக்கொள்கிறது. இதற்காகவே இந்த அலகை நிதானமாக, இரண்டு பீரியடாவது ஒதுக்கி நடத்தலாம்.

குறை இந்த நல்லதுக்குள்ளேயே இருக்கிறது. பழங்குடி மக்கள் வரலாற்றுக்குள் வருவதற்கு இந்தப் புத்தகம் ஒரே ஒரு வாசலைத்தான் திறந்து வைத்திருக்கிறது. அது ஆயுதம் ஏந்திய கிளர்ச்சி. வில்லெடுத்தவர்களுக்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. எடுக்காதவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. குலசேகரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பேச்சிப்பாறை மலைகளில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள் சாந்தலர்களைப்போலப் போர் தொடுக்கவில்லை. அதனால் ஏழாவது அலகில் அவர்களுக்கு இடமில்லை. அதற்கு முந்தைய அலகு தமிழகத்தில் ஆங்கிலேயருக்கு எதிரான தொடக்ககால எதிர்ப்புகளைச் சொல்கிறது. பாளையக்காரர்கள், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள், தீரன் சின்னமலை, வேலூர்க் கோட்டை என்று போகும் அந்த அலகும் மலைவாழ் மக்களின் பக்கம் திரும்புவதில்லை.

காணிக்காரர் விடுபட இன்னொரு காரணமும் உண்டு. அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், அதன்பின் திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சியில் இருந்தவை. தமிழ்நாட்டுப் பாடநூலின் முதுகெலும்பு சென்னை மாகாண வரலாறு. கேரளப் பாடநூலுக்கு இந்த மலைகள் இப்போது எல்லைக்கு அப்பால். அகத்தியமலையின் இரண்டு பக்கமும் ஒரே மக்கள்தான் வாழ்கிறார்கள், ஆனால் எல்லைக்கோடு நடுவே போனதால் இரண்டு மாநிலப் புத்தகங்களுக்கும் அவர்கள் ஓரத்து மனிதர்கள் ஆகிவிட்டார்கள். பாடநூலில் தன்னைப் பற்றி எழுதியது பிடிக்காத சமூகம் அதை எதிர்க்க முடியும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்ற என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் பகுதி எதிர்ப்புக்கும் வழக்குக்கும் உள்ளானது. அது பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது, அதிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கப்படாது என்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. அந்த நீக்கம் சரியா தவறா என்பது வேறு விவாதம். காணிக்காரருக்கோ மறுப்புச் சொல்வதற்குக்கூட ஒரு வரி எழுதப்படவில்லை.

காலமும் இதேபோல ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 1908-க்குப் பிறகு அந்த அலகின் காலக்கோட்டில் பழங்குடி மனிதர் யாரும் இல்லை. இது தமிழ்நாட்டுப் புத்தகத்தின் தனிக்குறை அல்ல. அமெரிக்க மாநிலங்களின் பாடத்திட்டங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பூர்வகுடிகள் பற்றி வரும் குறிப்புகளில் சுமார் 87 விழுக்காடு 1900-க்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவை என்று கண்டது. படிக்கிற பிள்ளை அந்த மக்கள் அத்துடன் முடிந்துபோனார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். இங்கே இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். பிர்சா பிறந்தது 1875 நவம்பர் 15. அதே நவம்பர் 15-இல், 2000-ஆம் ஆண்டு, ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் ராஞ்சிச் சிறையில் 1900 ஜூன் 9 அன்று பிர்சா இறந்ததோடு நின்றுபோன கதை வகுப்பில் மீண்டும் நடக்கத் தொடங்கும்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் பயன்படும் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு உலக வரலாற்று நூலில் பூர்வகுடிகள் இடம்பெயர்க்கப்பட்டது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல அளவுகோல். வட அமெரிக்காவின் செரோக்கீகள் தங்கள் நிலத்துக்காக நீதிமன்றம் போனதும், 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னதும், அதையும் மீறி அவர்கள் மேற்கே விரட்டப்பட்டதும் அதில் வருகின்றன. ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தை 1992-இல் மாபோ வழக்கு உடைத்தது வருகிறது. அந்த நாட்டு வரலாற்று நூல்கள் பூர்வகுடிகளைப் பற்றி வாயே திறக்காமல் இருந்ததை மானுடவியலாளர் ஸ்டான்னர் 1968-இல் 'மாபெரும் ஆஸ்திரேலிய மௌனம்' என்று பெயரிட்டுக் கண்டித்ததும் வருகிறது. வரலாற்று நூலே வரலாற்று நூல்களின் மௌனத்தைப் பற்றிப் பேசுவது பாடநூல்களில் அபூர்வம். நீதிமன்றமும் மனுவும் நிலப்பத்திரமும் அங்கே வரலாறாகின்றன, கிளர்ச்சி மட்டுமே வாசலாக இல்லை. மாநிலப் பாடநூல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இந்தப் பார்வையைத்தான். பதினோராம் வகுப்பு வரை காத்திராமல் பத்தாம் வகுப்பிலேயே அது வரவேண்டும்.

புத்தகத்தை நீங்களே சோதிக்க ஒரு பென்சிலும் இருபது நிமிடமும் போதும். பழங்குடிகள் வரும் பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு வினைமுற்றுகளை வட்டமிடுங்கள். 'வாழ்ந்தனர், உண்டனர், வேட்டையாடினர்' என்றே போகிறதா, எங்கேயாவது 'வாழ்கிறார்கள், படிக்கிறார்கள், வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்' என்று வருகிறதா? அடுத்தது எழுவாய். 'நிலம் பறிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் இருந்தால் பறித்தவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். பத்தியிலேயே விடை கிடைக்கவில்லை என்றால் அங்கே ஒருவர் மறைக்கப்பட்டிருக்கிறார். படங்களில் பெயருள்ள ஆட்கள் எத்தனை, 'பழங்குடியினர்' என்று மட்டும் எழுதிய படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பாடத்துக்குப் பின்னால் வரும் கேள்விகளில், பழங்குடிகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்பவை எத்தனை, ஆண்டையும் பெயரையும் மட்டும் கேட்பவை எத்தனை என்றும் பாருங்கள். ஏழாவது அலகு எழுவாய்ச் சோதனையில் நன்றாகவே தேறும். காலச் சோதனையில்தான் விழுகிறது. கடையில் விற்கும் கையேடுகள் நான்கிலும் தேறுவது அரிது, ஏனென்றால் அவை சுருக்கும்போது முதலில் வெட்டுவது காரணங்களைத்தான்.

தேர்வைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாள் 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. புத்தகத்தில் இல்லாதது வினாத்தாளில் வராது, வினாத்தாளில் வராதது ஜனவரிக்குப் பிறகு வகுப்பிலும் வராது. ஆகவே காணிக்காரரைத் தனிப்பாடமாக நுழைக்க முயன்றால் திருப்புதல் தேர்வு நெருங்கியதும் அதுதான் முதலில் கைவிடப்படும். முண்டா கிளர்ச்சிக்கான ஐந்து மதிப்பெண் விடையோடு சேர்த்து நடத்தினால் நிற்கும். ஒப்பிட்டுப் படித்த பிள்ளைக்குக் காரணங்கள் மனதில் தங்குவதால் அந்த விடையும் நன்றாக வரும்.

அதற்கு 45 நிமிடத்தின் ஒரு பீரியட் போதும். முதல் பத்து நிமிடம் வரைபடம். ஒரு சார்ட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை, கோதையாறு, 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, அதன் நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் தச்சமலை, தோட்டமலை, மோதிரமலை போன்ற குடியிருப்புகள். அணை இந்த மாவட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நீர்ப்பரப்புக்கு அப்பால் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் வள்ளத்தில் கடக்கவேண்டிய தூரம் உண்டானது என்பதைச் சார்ட்டில் விரல் வைத்துக் காட்டினால்தான் தெரியும். 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களையும் அதில் குறியுங்கள். மலை என்றால் காடு என்று நினைத்திருக்கும் பிள்ளைகள் ரப்பர் வரிசைகள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் பார்க்கட்டும்.

அடுத்த பதினைந்து நிமிடம் காலக்கோடு. யானைத்தந்தமும் ஏலமும் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்த காலம், அப்போது மலைச்சரக்கு திரட்டியவர்கள் காணிக்காரர்கள், தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டு அரண்மனைக்குக் காணிக்கை வைக்கும் வழக்கம், 1893-இன் திருவிதாங்கூர் வனச் சட்டம், 1906 அணை, 1956 இணைப்பு, 2006 வன உரிமைச் சட்டம். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவதில் வருவது. திருவிதாங்கூர் ஆவணங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. சிங்கம் ஒன்று, அதாவது ஆகஸ்ட் நடுவில், ஆண்டு பிறக்கிறது. ஆகவே ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுவரை உள்ள தேதிக்கு 825 கூட்டவேண்டும், அதன்பின் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் காலக்கோட்டில் சில நிகழ்வுகள் ஓராண்டு தள்ளிப்போகும்.

மூன்றாவது பதினைந்து நிமிடம் இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் முண்டா, வலப்பக்கம் காணிக்காரர். நிலம் யாருடையதாக இருந்தது, வெளியார் யார், சட்டம் என்ன, மக்கள் என்ன செய்தார்கள், கடைசியில் என்ன கிடைத்தது என்று ஐந்து வரிசை. 'மக்கள் என்ன செய்தார்கள்' என்ற வரிசையில் கவனம் தேவை. காணிக்காரருக்கு இல்லாத கிளர்ச்சியை ஆசிரியர் கற்பித்துவிடக்கூடாது. மலையில் பயிர் மாற்றியது, சரக்கு திரட்டியது, மனு கொடுத்தது, சட்டம் வந்தபோது விண்ணப்பித்தது எல்லாமே அந்தக் கட்டத்துக்குள் வரலாம். கடைசி வரிசைக்கு வன உரிமைச் சட்டத்தின் படிவங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனி உரிமைக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு ஒன்று, சமூக வன வளத்துக்கு ஒன்று. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் கைவசம் இருந்திருக்கவேண்டும், தனி உரிமைக்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர், கோரிக்கை முதலில் கிராமசபைக்குப் போகும். குடிமையியலில் கிராமசபை என்று படித்த சொல் இங்கே வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். காணி என்ற சொல்லுக்கே தமிழில் நிலம், நில உரிமை என்று பொருள் உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

மீதி ஐந்து நிமிடம் ஒரே கேள்விக்கு: 'கிளர்ச்சி செய்யாத மக்களின் வரலாற்றை எந்த ஆவணங்களிலிருந்து எழுதுவாய்?'

இந்த வகுப்பு கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். வகுப்பில் காணிக்காரப் பிள்ளை இருந்தால் அதை எழுப்பி 'உங்க ஊர்ல எப்படி, சொல்லு' என்று கேட்பது முதலாவது. தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்லும் பாரத்தை அந்தப் பிள்ளை சுமக்கவேண்டியதில்லை. தானாகக் கை தூக்கினால் பேசட்டும். இரண்டாவது ஆண்டுவிழா. இலைதழை கட்டி, முகத்தில் கரி பூசி, ஈட்டி கொடுத்து 'ஆதிவாசி நடனம்' ஆடவைக்கும் வழக்கம் உள்ள பள்ளியில் ஏழாவது அலகை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது மேடையைத்தான். காணிக்காரரின் கொக்கரை என்னும் இரும்பு வாத்தியமும், அதை உரசி இசைத்துப் பாடும் சாற்றுப்பாட்டும் மேடைக்கு வரவேண்டும் என்றால் அவற்றை அறிந்தவரை அழைத்து, உரிய மரியாதையும் சன்மானமும் கொடுத்துப் பாடச் சொல்லவேண்டும். மூட்டுக்காணி, பிலாத்தி போன்ற பொறுப்புப் பெயர்களையும் வேடிக்கைச் சொற்களாக அல்லாமல், ஊர்த்தலைவர், மருத்துவ அறிவும் சடங்கும் தெரிந்தவர் என்று விளக்கியே சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பின் முதல் அலகோடு முடிச்சுப் போடுவது. மனிதப் பரிணாமம், கற்காலம் என்று நடத்தும்போது 'இப்பவும் நம்ம மலையில இப்படித்தான் இருக்காங்க' என்று ஒரு வாக்கியம் வாய்தவறி வந்துவிட்டால் போதும், பத்தாம் வகுப்பில் அதை அழிக்க முடியாது. மலையில் மரச்சீனியும் (மரவள்ளி) நல்லமிளகும் ரப்பரும் பயிரிட்டு, விலை ஏறி இறங்குவதைப் பார்த்து விற்கும் குடும்பங்கள் அவர்கள். ஐந்திணைப் பாடத்தின் குறிஞ்சியிலும் இதே ஆபத்து இருக்கிறது. தினைப்புனத்துக் குறவர் படத்தை இன்றைய மலைவாழ் மக்களின் புகைப்படமாகக் காட்டிவிடக்கூடாது.

நான்காவது, மூலநூல்களிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவது. காணிக்காரரைப் பற்றித் தேடினால் முதலில் கிடைப்பது 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலும், 1906, 1940 ஆண்டுகளின் திருவிதாங்கூர் மாநிலக் கையேடுகளும்தான். தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து மக்களை வகைப்படுத்தியவர். நிறம், முடி, உணவு, 'வெகுளித்தனம்' என்ற வரிசையில் விவரிக்கும் பாணி அங்கிருந்து கையேடுகளுக்கும், அங்கிருந்து பொது அறிவுப் புத்தகங்களுக்கும், அங்கிருந்து ஆசிரியரின் குறிப்பேட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அளவுகோலோடு வந்தவரின் வாக்கியத்தை இன்றைய பிள்ளைக்கு எழுதிப்போடுவது பெரிய அநியாயம். குடியிருப்பு, நில ஏற்பாடு, சரக்கு போன்ற விவரங்களை எடுத்துக்கொண்டு, உடலையும் குணத்தையும் பற்றிய வரிகளை விட்டுவிடலாம். இல்லையென்றால், இது யாருடைய பார்வை என்று சொல்லி அந்த வரிகளையே ஆராயக் கொடுக்கலாம்.

ஒரு சிறு திருத்தமும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அந்த ஆறில் காணிக்காரர் இல்லை. குமரி மாவட்டம் என்றதும் உள்ளூர்ப் பற்றில் அவர்களையும் சேர்த்து எழுதிவைத்தால் ஒரு மதிப்பெண் போகும்.

காணிக்காரர் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைச் சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்லலாம், ஆனால் முழுதாக. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போனவர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்ற காயின் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் அதைத் தயாரிக்க ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும் 2 விழுக்காடு ராயல்டியிலும் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடானது. அதற்காக 1997-இல் கேரளத்தில் ஓர் அறக்கட்டளை உருவானது. அறிவுக்கு உரிமையாளர் உண்டு என்பதை உலகம் விவாதிக்க இது ஓர் எடுத்துக்காட்டானது. 'அதிசய மூலிகை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளை செடியைத்தான் நினைவில் வைத்திருக்கும், அதை அறிந்திருந்த மனிதர் மறந்துபோவார்.

பாடநூல் எழுதுபவர்களிடம் கேட்பது பெரிதல்ல. பூர்வகுடிகளின் வரலாறு கல்வியில் கண்ணியத்தோடு இடம்பெறவேண்டும் என்று 2007-இன் ஐ.நா. பிரகடனத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது, இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. கனடாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் முன்வைத்த 94 பரிந்துரைகளில், பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்குவதும் ஒன்று. இங்கே ஏழாவது அலகின் முடிவில் அரைப் பக்கம் போதும். தமிழ்நாட்டு மலைகளில் வனச் சட்டங்களுக்குப் பின் என்ன நடந்தது என்று ஒரு பத்தி. நீலகிரி, கொல்லிமலை, பேச்சிப்பாறை மூன்றையும் குறித்த ஒரு வரைபடம். 'உங்கள் மாவட்டத்தில்' என்று தொடங்கும் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. அலகின் முதல் பக்கத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் காணிக்காரரின் மொழியான மலம்பாஷையில் ஒரு முதியவரின் குரல் இரண்டு நிமிடம் கேட்கவேண்டும், கீழே தமிழில் எழுத்து ஓடவேண்டும்.

அது வரும் வரை, இந்தப் புத்தகத்தை முழு மனதோடு நடத்தலாம், மேலே சொன்ன ஒரு பீரியடையும் சேர்த்து. சார்ட்டைச் சுருட்டி உள்ளே வைத்துவிடாமல் அரையாண்டுத் தேர்வு வரை வகுப்புச் சுவரிலேயே விட்டுவையுங்கள்.